அன்று ஒதுக்கியதை இன்று வாங்குகிறோம்

எழுபதுகளின் மதராஸில் ஸ்டாண்டர்டு ஹெரால்டைக் கௌரவமான கார் என்று யாரும் நினைத்ததில்லை. கல்யாண வீட்டு வாசலுக்கு அம்பாசடர் வரவேண்டும். பியட் வந்தாலும் பாதகமில்லை. ஹெரால்டு என்றால் "அந்தத் தகர டப்பாவா?" என்பார்கள். எங்கள் அப்பா அதைத்தான் வைத்திருந்தார். பெருங்களத்தூரில் ஜிஎஸ்டி சாலையோரம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் செய்தது, நம்ம ஊர் கார் என்று அவருக்கு அதன் மேல் பாசம். எனக்கு அதன் பானட் மேல் பாசம்.

மற்ற கார்களில் பானட்டைத் திறந்தால் ஒரு தகடு மேலே போகும். நாம் குழிக்குள் கையை விட வேண்டும். ஹெரால்டில் மட்கார்டு, ஹெட்லைட்டோடு சேர்ந்து மூக்குப் பகுதி மொத்தமும் முன்பக்கம் சாய்ந்துவிடும். என்ஜின், முன் சஸ்பென்ஷன், ஸ்டியரிங் என எல்லாமே வெட்டவெளியில். எங்கள் மெக்கானிக் முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுவார். "சார், இது ஒண்ணுதான் மெக்கானிக்கை மனுஷனா நெனச்சுச் செஞ்ச வண்டி" என்று அப்பாவிடம் சொல்வார். கார் டிசைன் பற்றி அதைவிடச் சரியான பேச்சை நான் கேட்டதில்லை.

அந்த டிசைன் ஒரு நெருக்கடியில் பிறந்தது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு டிரையம்ப் கம்பெனிக்குப் பாடி செய்துகொடுத்த நிறுவனத்தைப் போட்டியாளரான பிஎம்சி வாங்கிவிட்டது. ஒரே துண்டாகப் பாடி செய்ய வழியில்லை. அதனால் கீழே தனிச் சேஸிஸ், மேலே போல்ட் போட்டு இணைக்கும் பாகங்கள் என்று முடிவெடுத்தார்கள். இத்தாலியரான மிக்கெலோட்டி அதற்கு உருவம் வரைந்தார். 1959-ல் அங்கே வந்த கார் 1961-ல் மதராஸுக்கு வந்தது. 948 சிசி என்ஜின், வேகம் சுமார்தான். ஆனால் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். மயிலாப்பூர் மாடவீதியில் அம்பாசடர்காரர் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருக்கும்போது அப்பா ஒரே ஒடிப்பில் திருப்பிவிடுவார். பின்பக்க ஸ்விங் ஆக்சில்தான் அதன் பலவீனம். நம் சாலைகளில் அது படாதபாடு பட்டது; மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. 1972-ல் வந்த கெஸல் மாடலில் அதை எடுத்துவிட்டுச் சாதாரண ஆக்சிலைப் போட்டார்கள். கெஸலும் 1977-ல் நின்றது.

அதன் பிறகு அதே தொழிற்சாலை செய்த காரியம்தான் என் மனதை இன்றும் உறுத்துகிறது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 காரின் உருவம் அப்படியே. 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று விருது வாங்கிய உருவம் அது. டேவிட் பாச்சே வரைந்த அந்தச் சரிவான முகத்தை மவுண்ட்ரோடில் பார்த்தபோது எனக்கு மூச்சே நின்றது. அங்கே அந்த உடலுக்குள் 3.5 லிட்டர் வி8 என்ஜின் இருந்தது. இங்கே போட்டது 1991 சிசி பழைய வேன்கார்டு என்ஜின். நாற்பதுகளில் பிறந்தது, ஃபெர்குசன் டிராக்டரில் ஓடிய என்ஜின்களுக்கு உறவுமுறை. நம் சாலைக்காகக் காரை உயர்த்தியதில் அது நிற்கும் அழகான தோரணையும் போனது. வாங்கியவர்கள் பெட்ரோல் செலவைப் பார்த்து நொந்தார்கள். பார்க்க ஒன்று, ஓட்ட வேறொன்று என்று ஊர் தீர்மானித்துவிட்டது. சில வருடங்களில் கார் உற்பத்தியே நின்றுபோனது. எத்தனை ஆயிரம் கைகள் பழகிய தொழில்!

ஊரின் அந்தத் தீர்ப்பு சரியானது என்றே நான் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். 1983 டிசம்பரில் வந்திருந்த மாருதி 800-ல் அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. 796 சிசி, மூன்று சிலிண்டர், மிகக் குறைந்த எடை. காலையில் ஒரு சாவித் திருப்பலில் கிளம்பும். அவ்வளவுதான். அதற்கு மக்கள் வரிசையில் நின்றார்கள். பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று அந்தத் தலைமுறை பார்க்கத் தெரிந்துவைத்திருந்தது.

இன்றைக்கு அதே ஊரில், அதே ஜிஎஸ்டி சாலையில் போகிற கார்களைப் பாருங்கள். முகம் முழுக்க எல்இடி பட்டை. உள்ளே டிவி அளவுக்குத் திரை. மே மாத வெயிலில் சென்னையில் யாரும் திறக்காத பனோரமிக் சன்ரூஃப். பெரிய அலாய் வீலில் ஒல்லியான டயர். மழைக்காலப் பள்ளம் ஒன்று போதும் ரிம் நெளிய. பானட்டைத் திறந்தால் கருப்புப் பிளாஸ்டிக் மூடி, அதன் மேல் கம்பெனி பெயர். அதே என்ஜினை அதே கம்பெனியின் வேறு நாலு மாடல்களிலும் பார்க்கலாம். ஸ்டாண்டர்டு 2000-ஐ எதற்காக ஒதுக்கினோமோ, அதை இன்று பதினைந்து லட்சம், இருபது லட்சம் கொடுத்து வாங்குகிறோம்.

உருவத்தையும் வரிதான் வரைகிறது. 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்னக் கார்களுக்கு வரிச்சலுகை வந்தது. அதன் பிறகு செடான்களின் டிக்கி வெட்டுப்பட்டது. முதுகு பாதியில் நின்ற அந்தக் கார்களை எந்த ஓவியனும் விரும்பி வரைந்திருக்க மாட்டான். சின்னக் கார் மலிவாகக் கிடைத்தது நல்லதுதான். ஆனால் சலுகையை நீளத்தோடு கட்டிப்போட்டதற்குப் பதிலாக எடையோடு கட்டியிருந்தால் நம் என்ஜினீயர்கள் எவ்வளவோ செய்து காட்டியிருப்பார்கள்.

ஒரு விஷயத்தில் பழைய கார்களுக்காக நான் வாதாட மாட்டேன். மோதலில் உயிர் காக்கும் வேலையை இன்றைய காரின் பாடிதான் செய்கிறது. 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்காப் மோதல் சோதனை நம் நாட்டிலேயே நடக்கிறது. அது தரும் நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பேரப்பிள்ளைகளை ஹெரால்டில் ஏற்றி நெடுஞ்சாலையில் அனுப்புவேனா? மாட்டேன்.

ஆனால் பாதுகாப்புக்காக மெக்கானிக்கின் கையை வெளியே தள்ள வேண்டிய அவசியம் எங்கே வந்தது? ஏசி குளிரைக் கூட்ட ஒரு திருகு இருந்தால் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவின் யூரோ என்காப்கூட இன்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் திரைக்கு வெளியே தனிக் கட்டுப்பாடு வேண்டும் என்பதை 2026 முதல் மதிப்பெண்ணோடு சேர்த்துவிட்டது. பழுதுபார்ப்பிலும் இதே கதைதான். போன வருடம் ஆட்டோ உரசியதில் எங்கள் வீட்டு வண்டியின் ஹெட்லைட்டில் சின்ன விரிசல். சர்வீஸ் சென்டர் பையன் மரியாதையாகத்தான் சொன்னான்: "சார், கண்ணாடி மட்டும் வராது. செட்டாத்தான் மாத்தணும்." அவன் சொன்ன தொகைக்கு நல்ல பழைய ஸ்கூட்டர் ஒன்றே வாங்கலாம். புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் விசாரித்தேன், அங்கேயும் செட்டுதான்.

மகள் இப்போது அடுத்த கார் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "என்னப்பா கேக்கணும்?" என்றாள். நட்சத்திரம் எத்தனை என்று கேள். ஹெட்லைட் ஒன்று உடைந்தால் என்ன விலை என்று கேள். ஏசிக்குத் திருகு இருக்கிறதா பார். ஸ்டெப்னியை வெளியே எடுத்துக் காட்டச் சொல். மற்ற நாலு டயரின் அளவு அதற்கும் இருக்கிறதா பார். திரை எத்தனை அங்குலம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள், நீ கேட்க வேண்டியதில்லை என்றேன்.