ஒரு வீடு, எத்தனை போன்?

கேள்வி: "ரெண்டு பேருக்கும் எதுக்குத் தனித்தனி ஸ்மார்ட்போன், ஒண்ணு போதாதா?" என்கிறார் கணவர். போதுமா?
(வாசகி, விமான் நகர், புனே)

பதில்: போதும், அது உங்கள் கையிலேயே இருந்தால்! அவரும் போனும் ஹிஞ்சவடி ஆபீஸில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் கேஸ் சிலிண்டர்காரர் ஓடிபி கேட்டு நிற்கிறார். யாரிடம் கேட்பீர்கள்? முதலில், எதில் கேட்பீர்கள்? ஆதார் ஓடிபியும் பதிவு செய்த எண்ணுக்குத்தான் வரும். யுபிஐ தொடங்கவும் வங்கியில் கொடுத்த எண்ணின் சிம் நீங்கள் பயன்படுத்தும் போனிலேயே இருக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாங்களே பயன்படுத்தும் கைபேசி உள்ள பெண்கள் சுமார் 54 சதவீதம்தான். இது எனக்கு வருத்தம் தரும் கணக்கு. விலையுயர்ந்த போன் வேண்டாம், சாதாரணமானதே போதும். சிம் மட்டும் உங்கள் பெயரில் இருக்கட்டும். இந்த மாதமே வாங்கிவிடுங்கள், சகோதரி.