காய்ச்சல் வரவிருக்கும் பிள்ளைகளுக்கு அறிவித்தல்

மட்டக்களப்பு மாவட்டத்து மாங்கேணியிலும் அயற்கிராமங்களிலும் ஆடு மாட்டோடும் நாய்க்குட்டியோடும் பற்றைக்குள் விளையாடித் திரியும் பிள்ளைகளே! உங்களுக்கு உண்ணிக் காய்ச்சல் வருவதில் மேலிடத்துக்கு ஆட்சேபனை ஏதுமில்லை. ஆனால் ஒழுங்குமுறைப்படி வர வேண்டும்.

டெங்காக வந்தால் மெத்த நல்லது. டெங்குக்கு எங்களிடம் பரிசோதனை உண்டு, புகையடிக்கும் இயந்திரம் உண்டு, படம் பிடித்துப் போட ஒழிப்பு வாரமும் உண்டு. உண்ணியை வைத்து என்ன விழா எடுப்பது?

கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சு கடித்தால் தைபஸ்; யாழ்ப்பாணத்துக்குப் பழகின நோய். நாயுண்ணி போன்றவை கடித்தால் புள்ளிக் காய்ச்சல்; கண்டிப் பக்கம் அதிகம். தைபஸ் என்றால் கடிவாயில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கும். வலிக்காது, சொறியாது. காதுக்குப் பின்னால், கக்கத்தில், கவட்டில், காற்சட்டை இறுக்கும் இடத்தில் ஒளிந்திருக்கும். சிலருக்கு இருக்கவே இருக்காது. அதைக் காண ஸ்கேன் வேண்டாம். உடுப்பைக் கழற்றிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம்தான் கையிருப்பில் இல்லை. ஆகவே பொருக்கை நெற்றியில் வரவழைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.

டெங்கு இல்லை என்று தெரிந்தால் 'வைரஸ் காய்ச்சல்' என்று பனடோலும், மறுமுறை வந்தால் அமொக்சிசிலினும் துண்டில் எழுதப்படும். உண்ணிக் காய்ச்சலின் கிருமி உடம்பின் உயிரணுக்களுக்குள்ளேயே குடியிருப்பது. அமொக்சிசிலினால் அதற்கு ஒரு கீறலும் விழாது. அதற்கென்ன, துண்டு எழுதியாயிற்று. இரண்டாவது வாரம் நோய் நுரையீரலிலோ மூளையிலோ இறங்கியபின் அம்புலன்ஸ் வரும். வாழைச்சேனை, பிறகு மட்டக்களப்பு என்று ஊர் பார்க்கலாம்.

இரத்தம் கொழும்புக்குப் போகும். முதல் வாரத்து இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் சரியாகத் தெரியாது. இரண்டு கிழமை கழித்து இன்னொரு தடவை எடுத்து ஒப்பிட்டால்தான் உறுதி. அதாவது, பிழைத்த பிள்ளைக்குத்தான் நோயின் பெயர் கிடைக்கும். முடிவுக்குக் காத்திராமல் சந்தேகத்திலேயே மருந்தைத் தொடங்கு என்று உலகமெல்லாம் எழுதி வைத்திருக்கிறது. எழுதினவர்களுக்கு எங்கள் பைல்களைத் தெரியாது.

1944இல் எம்பிலிப்பிட்டியவில் பயிற்சியெடுத்த வெள்ளைக்காரப் படையில் நூற்றுக்கணக்கானோர் இதே தைபஸில் படுத்தார்கள். விழுந்தது சிப்பாய், ஆய்வாளர்கள் ஓடினார்கள். 1948இல் கோலாலம்பூரில் குளோரம்பெனிக்கோல் என்ற மருந்து இதற்குக் கேட்கும் என்று நிரூபித்தும் விட்டார்கள். பிறகு டொக்சிசைக்ளின் வந்தது. தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் விடும். விலையோ ஒரு பிளேன்டீக் காசு.

ஆனால் எட்டு வயதுக்குக் கீழே கொடுத்தால் பல் மஞ்சளாகுமாம்! பழைய டெட்ராசைக்ளின் செய்த வேலைக்கு இதன் தலையில் பழி. அமெரிக்கச் செவ்விந்தியக் குடியிருப்பொன்றில் எட்டு வயதுக்குமுன் இதைக் குடித்த 58 பிள்ளைகளின் பல்லைச் சோதித்து, ஒன்றில்கூடக் கறை இல்லை என்று 2015இல் வெளியிட்டார்கள். இந்தக் காய்ச்சல்களுக்கு எந்த வயதுப் பிள்ளைக்கும் இதுவே முதல் மருந்து என்கிறார்கள் அங்குள்ள குழந்தை வைத்தியர்கள். இங்கே இன்னும் பல்லைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம். வெள்ளைப் பல்லோடு ஒரு பிள்ளையைப் புதைப்பதற்குப் பெயர் முன்னெச்சரிக்கை.

இத்தனைக்கும் குளிசை ஒன்றும் கப்பலில் வரவேண்டியதில்லை. வயலில் இறங்கும் அப்பாவுக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்கச் சுகாதார அலுவலகத்தில் சும்மா கொடுப்பது அதே டொக்சிசைக்ளின்தான். அப்பாவுக்கு வருமுன் காப்பு, மகனுக்கு வந்தபின் பனடோல்.

ஆகவே பிள்ளைகளே, எட்டு வயது நிறைந்தபிறகு, விடுமுறையில்லாத நாளில், பொருக்கு தெரியத்தக்கதாக வாருங்கள். அதற்கு முன்பே வரத்தான் செய்வீர்களென்றால், காய்ச்சல் ஐந்து நாள் தாண்டுமுன் உங்கள் அம்மா தலை முதல் கால்வரை பார்க்கட்டும். பொருக்கைக் கண்டால் உடுப்பை விலக்கி அந்த இடத்தைக் காட்டி, "டொக்டர், இது உண்ணி கடிச்சதா இருக்குமா? டொக்சிசைக்ளின் குடுக்க ஏலாதா?" என்று கேட்கட்டும். "நீயா டொக்டர், நானா டொக்டர்?" என்று ஏச்சு விழும். அதை வாங்கிக்கொண்டு, திரும்பவும் கேட்கட்டும்.