பெற்றோல் ஷெட் திறக்கப் போற மருமோனுக்கு

மருமோன், உன்ரை யோசினை நல்ல யோசினைதான். வன்னிப் பக்கம் பாழடைஞ்சு கிடக்கிற பழைய பெற்றோல் ஷெட் ஒண்டை வாங்கி, தூசு தட்டி, பழைய காலத்து நிறம் அடிச்சு, ஏ9 றோட்டாலை போறவைக்குக் கோப்பியோடை பழங்காலத்தையும் விக்கப் போறாய். வெள்ளவத்தையிலை மூண்டாம் மாடியிலை குந்திக்கொண்டு காலி வீதியைப் பாக்கிற கிழவனுக்கு உதெல்லாம் விளங்காதெண்டுதானே அந்த அமெரிக்கன் ஷெட்டின்ரை வீடியோவைப் போட்டுக் காட்டினாய்? எனக்கு விளங்கிச்சுது ராசா. உனக்குத்தான் அரைவாசி விளங்கேல்லை.

அந்தக் கதையை ஒழுங்காக் கேள். கலிபோர்ணியாவிலை மொஹாவிப் பாலைவனம், அதுக்குள்ளாலை ரூட் 66. 1938 இலை ரோய் குரோல் எண்டவர் அம்போய் எண்ட ஊரிலை ஷெட்டைத் திறந்தார். ‘ரோய்ஸ்’ எண்டு தன்ரை பெயரையே வைச்சார். பிறகு அவற்றை மருமகன் பஸ்டர் பரிஸ் வந்து சேர, கராஜ், சாப்பாட்டுக் கடை, படுக்க அறையள் எண்டு தொழில் பெருத்துது. கவனி, மருமகன் எண்டால் மாமன்ரை தொழிலைப் பெருப்பிக்கிறவன். முதல் கேட்டு வாறவனில்லை. 1959 இலை ஐம்பது அடி உயரத்திலை ஒரு பெயர்ப்பலகை நட்டாங்கள். ஆனால் சனம் நிண்டது பலகைக்காக இல்லை. அந்த வெக்கையிலை ரேடியேற்றர் கொதிக்கும், தொண்டை வறளும், நிக்காமல் போக ஏலாது. அதுதான் கடையின்ரை உண்மையான முதல்.

1973 இலை வடக்காலை இன்ரர்ஸ்ரேற் 40 திறந்தாங்கள். அவ்வளவுதான். வாடிக்கை ஒரே நாளிலை அம்போவெண்டு விட்டிட்டுப் போச்சுது.

2005 இலை அல்பேர்ட் ஒக்குரா எண்டவர் ஊரோடை சேத்து 4,25,000 டொலருக்கு வாங்கினார். 2008 இலை பம்ப் திரும்ப ஓடிச்சுது, 2019 நவம்பரிலை அந்தப் பலகையிலை திரும்ப வெளிச்சம் வந்துது. 2023 இலை மனிசன் செத்துப்போச்சுது. படுக்கிற அறையள் அப்பவும் திறபடேல்லை. ஊர்க் கிணத்துத் தண்ணி உப்பு, குடிக்க ஏலாது. இதிலை நீ கவனியாமல் விட்டது என்ன தெரியுமோ? ஒக்குரா கோழிக் கடைக்காரன். ‘ஹுவான் பொயோ’ எண்டு கடை கடையாத் திறந்து உழைச்ச ஆள். அந்த ஷெட் பெற்றோலாலை எழும்பேல்லை, கோழியாலை எழும்பினது. உன்னட்டைக் கொட்டாஞ்சேனையிலை ஒரு கொத்துக் கடையாவது இருக்கோ?

சரி, பழைய நிறம் எண்டாய். எந்தப் பழைய நிறம்? ஷெல், கல்டெக்ஸ், எஸ்ஸோ எண்டு மூண்டு வெள்ளைக்காரர் வித்த காலத்து நிறமோ? 1961 இலை மந்திரி இலங்கரத்தின பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கி, அவங்கடை ஷெட்டுகளை எடுத்தார். அந்தக் கோபத்திலை 1963 இலை அமெரிக்கா உதவியையே நிப்பாட்டிச்சுது. 2003 இலை இந்தியன் எண்ணெய்க் கம்பனி வந்துது, 2023 இலை சீனாவின்ரை சினோபெக். அதே வருசம் ஷெல்லின்ரை பெயரும் ஒப்பந்தத்தோடை திரும்பிச்சுது. நீ அடிச்ச பெயின்ற் காயமுன்னம் ஆள் மாறியிடும்.

பழங்காலத்தை நினைச்சுச் சனம் ஏங்குமோ? சண்டைக் காலத்திலை, யாழ்ப்பாணத்திலை பொருளாதாரத் தடைக்குள்ளை பெற்றோல் ஷெட் எண்டது கடை வாசலிலை நிண்ட போத்தல்தான். துளிப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயிலை மோட்டச்சைக்கிள் ஓடினம். 2022 இலை இஞ்சை கொழும்பிலையும் பெற்றோலுக்கு வரிசையிலை கிடந்தனாங்கள். பிறகு கியூஆர் பங்கீடு வந்துது: மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. ஷெட்டைப் பாக்கவே வயித்தைக் கலக்கிற சனத்திட்டைப் போய், ஷெட்டுக்கு முன்னாலை நிண்டு படம் எடுக்கக் காசு தா எண்டு கேக்கப் போறாய். தைரியசாலிதான்.

ஏ9 இலை நல்லா ஓடுற சேர்விஸ் ஸ்ரேசன் ஒண்டு ஏற்கெனவே இருக்கு. மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் நடுவிலை. முதலாளி முறிகண்டிப் பிள்ளையார். பம்ப் இல்லை, விளம்பரம் இல்லை, கோப்பியுமில்லை. ஆனால் பஸ்காரனும் லொறிக்காரனும் பிறேக் போடுவான், தேங்காய் உடைப்பான், கற்பூரம் கொழுத்துவான், கச்சான் வாங்குவான். பயந்தவனும் நிப்பான், பயமில்லாதவன் மனிசிக்காக நிப்பான். 2002 இலை சமாதானம் எண்டு பாதை திறந்துது, 2006 ஓகஸ்டிலை திரும்பப் பூட்டுப்பட்டுது, 2009 தையிலை ஆமி முழு றோட்டையும் பிடிச்சுது. சனம் இடம்பெயர்ந்து அலைஞ்சுது. திரும்பப் பாதை திறந்ததும் ஆமிக்காரரும் றோட்டோரம் தேத்தண்ணிக் கடை போட்டவை. ஆனாலும் தேங்காய் உடைஞ்சது முறிகண்டியிலைதான். புனரமைப்புக் கூட்டம் வைச்சோ உன்னை மாதிரிக் கொம்பியூட்டரிலை படம் கீறியோ ஒருதரும் அதை எழுப்பேல்லை.

அதுக்கும் ஒரு நாள் சோதினை வரும். 2011 இலை தெற்கு அதிவேகப் பாதை திறந்தாப் பிறகு காலி போறவன் களுத்துறைக் கடைக்காரனைத் திரும்பிப் பாக்கிறானோ? வடக்குப் பக்கமும் துண்டு துண்டாக் கட்டுறாங்கள். மீரிகமையிலை இருந்து குருநாகல் வரை 2022 இலையே திறந்தாச்சு. பிள்ளையாருக்குப் பக்தர் இருக்கினம், சமாளிப்பார். உனக்கு ஆர்?

முதல் போட மாட்டனெண்டு சொல்லேல்லை. இரவு பஸ்ஸிலை வெள்ளவத்தையாலை வெளிக்கிடுற கிழடுகளைக் கேட்டுப் பார். பழைய பம்ப் வேண்டாம். தண்ணி வாற, லைற் எரியிற, உள்ளாலை பூட்டுற ஒரு கக்கூஸ் வேணும். அதைக் கட்டு. பக்கத்திலை ஒரு தேத்தண்ணிக் கடை. பஸ் நிக்கிற இடத்தை முடிவு செய்யிறது றைவரின்ரை வயிறு, அதாலை றைவருக்கும் கொண்டக்டருக்கும் சாப்பாடு சும்மா குடு. இதுக்கெண்டால் நான் காசு தாறன். ஆனால் ஐம்பது அடிப் பலகையிலை ‘மாமா நினைவாக’ எண்டு எழுதிப்போடாதை. ஒண்டு, நான் இன்னும் சாகேல்லை. மற்றது, புருசன்ரை பெயரைக் கக்கூசுக்கு மேலை கண்டால் மாமி எங்கள் ரெண்டு பேருக்கும் சோறு போடமாட்டா.