வெளி லைனுக்கு ஒரு சைபர்

எங்கள் ஆடிட்டர் ஆபீசில் டெலிபோன் இலாகா என் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம், இன்டர்காம் பெட்டி என் மேஜைக்கு மேலே உள்ள சுவரில் மாட்டியிருப்பதுதான். மூன்று லைன், எட்டு எக்ஸ்டென்ஷன். அது வேலை செய்தால் ஆபீஸ் பெட்டி. நின்றுவிட்டால், "மேனேஜர், உங்க பெட்டி மறுபடியும் ஊமையாயிருச்சு" என்பார் ஆடிட்டர் சார்.

செம்புக் கம்பி லைன் இருந்த காலத்தில் எங்களுக்கு ஐப்பசி என்றாலே நடுக்கம். மதுரையில் நாலு தூறல் போட்டால் தெருமுனை ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கும். போனை எடுத்தால் அப்பளம் பொரியும். சில நாள் வேறு யாரோ பெண் பார்த்துவிட்டு வந்த கதை முழுசாகக் கேட்கும். லைன்மேன் அண்ணன் வந்து, காபி குடித்து, வயரின் தோலைப் பல்லால் கடித்து உரித்துச் சரிபார்ப்பார். சும்மா கிடக்கும்போது அந்தக் கம்பியில் 48 வோல்ட்தான். மணி அடிக்கும்போது 75 வோல்ட்டுக்குக் குறையாமல் மாறுமின்சாரம் ஓடும். அவர் கடித்த நேரம் பார்த்து ஒரு கட்சிக்காரர் ரீஃபண்ட் கேட்டுக் கூப்பிட்டுவிட்டார். அண்ணன் துள்ளி எழுந்து, மீட்டர் கீட்டர் எதுவும் இல்லாமலே, "இன்கமிங் வருது சார்" என்று சான்றளித்தார்.

ஆனால் அந்தக் கிழட்டுக் கம்பிக்கு ஒரு பெருந்தன்மை உண்டு. போனுக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்தே வரும். ஊரே இருட்டில் கிடந்தாலும் காதில் வைத்தால் டயல் டோன் கேட்கும். தெருவில் செம்பை எடுத்துவிட்டு ஃபைபர் என்றபோது இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. கண்ணாடி இழை வெளிச்சத்தைக் கொண்டு வரும், கரண்ட்டைக் கொண்டு வராது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வந்த அன்று போன், நெட், ஃபேன் மூன்றும் ஒற்றுமையாகப் படுத்தன.

புது லைன் தேடுகிறோம் என்று தெரிந்ததும் விற்பனைப் பிரதிநிதிகள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் பிஆர்ஐ எடுக்கச் சொன்னார். "ஒரே நேரத்துல முப்பது பேர் பேசலாம் சார்." எங்கள் ஆபீசில் கூட்டுகிற ஆயாவைச் சேர்த்து ஏழு பேர். ஆளுக்கு நாலு வாய் இருந்தால்கூட இரண்டு சேனல் மிச்சம்.

அடுத்தவர் சிப் டிரங்க். இணையம் வழியாகவே குரல் போகும் என்றார். சரி, நம்பகமா என்றேன். "நூறு எம்பிபிஎஸ் சார்!" என்றார். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். கணக்கு ஆபீசில் கணக்கு கேட்காமல் விடுவோமா? ஒரு பேச்சுக்கு ஏறக்குறைய நூறு கேபிபிஎஸ் போதும். அந்த நூறு எம்பி எங்களுக்கு ஆயுளுக்கும் காணும். குரல் கிழிவது வேகக் குறைவால் அல்ல, குரலைத் துண்டு துண்டாகச் சுமந்து வரும் பொட்டலங்கள் தாமதமாகவும் முன்பின்னாகவும் வந்து சேருவதால். குரல் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போக 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பேச்சு பேச்சாக இருக்கும். மிகவும் நீண்டுவிட்டால் இரண்டு பேரும் ஒன்றாகப் பேசி, ஒன்றாக நிறுத்தி, "நீங்க சொல்லுங்க", "இல்லல்ல, நீங்க சொல்லுங்க" என்று சம்பந்திகள் மாதிரி குழைவார்கள். ஆர்டிகிள் கிளார்க் தம்பி பேக்கப் ஏற்றும் நேரத்தில் எங்கள் ஆபீசில் இந்த மரியாதை கூடிவிடும். ரூட்டரில் குரலுக்கு முன்னுரிமை போட்டால் தீரும் வியாதிதான்.

"லைன் செத்தா யாருப்பா வருவா?" என்று கேட்டேன். டோல்ஃப்ரீ நம்பர் கொடுத்தார்.

"செத்த போன்ல இருந்து எப்படிக் கூப்பிடுறது?"

"மொபைல்ல கூப்பிடுங்க சார்."

ஆக, நம்பகமான லைன் எது என்று அவரே சொல்லிவிட்டார்.

"ரெண்டு கம்பெனில ஒவ்வொண்ணு வாங்கிப் போடும்" என்றார் ஆடிட்டர் சார். நல்ல யோசனை. ஆனால் வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தால், தெருவில் வியாபாரம் செய்யும் அத்தனை கம்பெனிகளின் கறுப்புக் கேபிளும் ஒரே கம்பத்தில் சுருண்டு தொங்குகிறது. பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் இப்படித்தான் இரண்டு கம்பெனிக்குக் காசு கட்டிப் பத்திரமாக இருந்தார். வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. எந்தக் கம்பெனிக்கும் பாரபட்சம் காட்டாமல் இழுத்துக்கொண்டு போனது.

கடைசியில் மெயின் லைன் ஃபைபரில். இரண்டாவது, வேறு கம்பெனியின் சிம் போட்ட ஜிஎஸ்எம் பெட்டி. அது வருவது கம்பத்தில் அல்ல, ஜன்னலோரம் வைத்த ஆன்டெனாவில். ஃபைபர் பெட்டி, ரூட்டர், இன்டர்காம் மூன்றும் தின்பது சொற்ப கரண்ட். அவற்றுக்கென்று ஒரு சின்ன யூபிஎஸ் போட்டால் மணிக்கணக்கில் நிற்கிறது. லேசர் பிரிண்டரை அதில் செருகாதவரை! "செருகினால் சம்பளத்தில் பிடிக்கப்படும்" என்று சாரின் கையெழுத்தோடு ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறேன். அதற்குக் கீழேதான் தம்பியின் செல்போன் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்.

எந்த லைன் போட்டும் சாருக்குத் தீராத பிரச்சினை ஒன்று உண்டு. 2021 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல் அன்றிலிருந்து, தரைவழி போனில் மொபைலைக் கூப்பிட முன்னால் சைபர் போட வேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. எங்கள் இன்டர்காமில் வெளி லைன் பிடிக்கவே ஒரு சைபர். ஆக மொத்தம் இரண்டு. சார் ஒன்றோடு நிறுத்திவிட்டு, "லைன் சரியில்ல மேனேஜர்" என்பார்.

நீங்கள் லைன் வாங்கப் போகிறீர்களா? விற்க வருபவரிடம் வேகம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். காபி கொடுத்து உட்கார வைத்து, மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, "இப்ப ஒரு கால் போட்டுக் காட்டுங்க தம்பி" என்று சொல்லுங்கள். அப்படியே வாசலுக்குக் கூட்டிப்போய், அவர் கேபிள் எந்தக் கம்பத்தில் வருகிறது என்றும் காட்டச் சொல்லுங்கள்.