சட்டை நல்லாருக்குதாமா!

வா கண்ணு, உக்காரு. மொகத்துல என்னமோ வழியுதே, தொடச்சுட்டு உக்காரு. சம்பளம் ஏத்திட்டாங்களா? இல்லையா? அப்பறமென்ன... ஓ! ஆபீசுல ஒரு புள்ள உன்ற சட்டை நல்லாருக்குன்னு சொல்லிப்போட்டாளாமா. அதுதானா சங்கதி.

உங்க அமுச்சி காலையிலயே சொன்னா. "பேரன் ஊருக்கு வரும்போதும் அதே நீலச் சட்டையத்தான் போட்டுட்டு வந்திருக்கறான், என்னன்னு கேளுங்க"ன்னா. அவ எதையும் தப்ப உடமாட்டா. அந்தப் புள்ள செவ்வாக்கெழமை சொன்னா, சரி. வியாழக்கெழமை அதே சட்டை. திங்கக்கெழமை அதே சட்டை. நடுவுல அதே கடைக்குப் போயி அதே நீலத்துல இன்னொண்ணும் எடுத்துட்டு வந்துட்டயாமா, உங்கம்மா போன்ல சொன்னா. ஒரு வார்த்தைக்கு ஒரு சட்டைன்னா, அவ இன்னும் நாலு வார்த்தை பேசுனா பீரோ வாங்கோணும்.

சிரிக்காத. நான் உன்னைக் கொறை சொல்லல. ஆம்பளப் பொழப்பே இந்தத் துணி விசயத்துல மானாவாரிக் காடுதான். பொம்பளைங்க அப்பிடியில்லை. ஒருத்தி புதுச்சீலை கட்டிட்டு ஆபீசுக்குள்ள காலு வைக்கறதுக்குள்ள இன்னொருத்தி முந்தானையப் புடிச்சுப் பாத்துருவா. எங்க எடுத்தது, என்ன வெலை, தள்ளுபடி உண்டா, ரவிக்கை யாரு தெச்சது, சாயம் போகுமா, எல்லாம் அஞ்சு நிமிசத்துல முடிஞ்சுரும். அது வாய்க்கால் பாசனம், வருசம் பூராம் தண்ணி. உனக்கு? தீவாளிக்குப் புதுச்சட்டை போட்டப்ப உங்கம்மா சொல்லியிருப்பா, அது கணக்குல வராது. உன்ற சிநேகிதன் எவனாச்சும் ஒருநாளாவது "டேய், சட்டை உனக்கு எடுப்பா இருக்குடா"ன்னு சொல்லியிருக்கானா? புதுச்சட்டையப் பாத்தா அவன் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான்: "என்ன மாப்ளே, பொண்ணு பாக்கப் போறியா?" இப்பிடி வறண்டு கெடக்கற காட்டுல ஒரு தூத்தல் உழுந்தா, நீ மழைன்னு நெனச்சு வெதைச்சுப்போடற. அதுதான் உன்ற கோளாறு.

அதுக்கு மருந்து அந்தப் புள்ளகிட்ட இல்லை, உங்க ஆம்பளைங்ககிட்டத்தான் இருக்கு. பக்கத்துச் சீட்டுப் பையன் நல்ல சட்டை போட்டா வாயத் தொறந்து சொல்லு. வாயி வெந்துறாது. ஆளாளுக்கு ஒரு சொம்பு ஊத்துனா எவனும் இப்பிடி ஒரு தூத்தலுக்கு ஆலாப் பறக்கமாட்டான்.

என்ன, அப்புச்சிக்கு என்ன தெரியும்ங்கறயா? உங்க அமுச்சி உள்ள இருக்கறா. கொஞ்சம் கிட்ட வா, மெதுவாச் சொல்றேன்.

1978. இதே நெகமத்துல, இதே ஊட்டுத் தறிக்குழியில காலு ரெண்டையும் தொங்கவுட்டு உக்காந்து நெசவு பண்ணிட்டிருந்தேன். எம்பதாம் நம்பர் பருத்தி நூலு. ஒரு சீலைக்கு ரெண்டு நாளு, கரையில வேலைப்பாடு ஏறுனா மூணு நாளு. முடிச்சதக் கொண்டுபோயி நெசவாளர் சொசைட்டியில போட்டுட்டு, கூலியும் அடுத்த பாவுக்கு நூலும் வாங்கிட்டு வரோணும். அங்க புதுசா ஒரு அம்மிணி கணக்கெழுத வந்திருந்தா. நானு அன்னைக்குத் தீவாளிக்கு எடுத்த டெரிகாட்டன் சட்டையப் போட்டுட்டுப் போனேன். அந்தக் காலத்துல டெரிகாட்டன்னா தனி முறுக்கு. கசங்காது. தண்ணியில நனைச்சு ரெண்டு ஒதறு ஒதறுனாக் காஞ்சு போயிரும். சித்திரை வெயில்ல போட்டா உள்ளுக்குள்ள இட்டிலியே வெந்துரும், அது வேற விசயம்.

அவ என்ற சீலையப் பிரிச்சு மேசையில விரிச்சு, மீட்டர் குச்சிய வெச்சு அளந்துட்டே, தலைய நிமுத்தாமக் கேட்டா: "சட்டை நல்லாருக்குதுங்களே. கைத்தறிங்களா?"

பத்து வருசமாத் தறியில உக்காந்தவன் நானு. பருத்தி எது, டெரிகாட்டன் எதுன்னு கண்ணக் கட்டிவுட்டாலும் தடவிப் பாத்தே சொல்லுவேன். கொஞ்சங்கூட யோசிக்காம "ஆமாங்"னுட்டேன்.

அடுத்த வாரம் போடறதுக்குச் சீலை ஒண்ணும் முடியல. ஆனாலும் அதே சட்டையத் தேச்சுப் போட்டுட்டுப் போயி நின்னேன். "என்னங்க?"ன்னா. "நூலு வாங்க வந்தனுங்"னேன். ஊட்டுல ரெண்டு கட்டு நூலு சும்மா கெடந்துது. மூணாவது வாரமும் நானு சட்டையத் தேக்கறதப் பாத்துட்டு உங்க அமுச்சி என்னன்னு கேட்டா. நானும் பெருமையாச் சொன்னேன், அப்பிடியே அந்த அம்மிணி பேசுன மாதிரியே பேசிக் காட்டுனேன். இவ ராட்டையச் சுத்தறத நிறுத்திட்டு சிரிச்சா பாரு, தாரு உருண்டு வாசலுக்கே போயிருச்சு. "அந்தப் புள்ள உங்களைப் பாராட்டலைங்க. கைத்தறி நெய்யறவரே மில்லுத் துணி போட்டா, நாங்க நெசவ யாருக்கு விக்கறதுன்னு கேட்டிருக்கா. நீங்க அதுக்கு ஆமான்னு வேற சொல்லிட்டு வந்திருக்கறீங்க."

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வல்லை. அந்தச் சட்டை அப்பறம் அடுப்படிக்குக் கரித்துணியாப் போச்சு. டெரிகாட்டன் ஈரத்த அவ்வளவா உறிஞ்சாதுல்ல, அதுக்கும் ஆகலைன்னு உங்க அமுச்சி தூக்கி வீசிப்போட்டா.

அதனால ஒருத்தரு நல்லாருக்குன்னு சொன்னா, மொதல்ல அந்த வார்த்தைய முழுசாக் கேக்கோணும். பாதியில மெதக்க ஆரம்பிச்சறப்படாது. உன்ற அக்காகிட்டக் கேளு. அவளுக்கு இதுக்கு நேரெதிரான கேசு.

போன வருசம் வந்து திண்ணையில உக்காந்து வெசனப்பட்டா. ஆபீசுல ஒரு சாரு தெனமும் "சீலை நல்லாருக்கு, சீலை நல்லாருக்கு"ங்கறாராமா. நல்ல எண்ணத்துல சொல்றாரா, வேற எண்ணமான்னு தெரியலையாமா. திருப்பிக் கேட்டா, "ஒரு நல்ல வார்த்தை சொன்னாக் குத்தமா"ன்னு கேட்டுருவாங்கன்னு பயம். நான் சொன்னேன், "அம்மிணி, சொசைட்டியில துணி சரி பாக்கறவரு இருப்பாரே, அவரு அஞ்சரை மீட்டரையும் வெளிச்சத்துல புடிச்சுப் பாப்பாரு. எழை அறுந்துருக்கா, கரை ஒரே நேராப் போகுதா, அங்குலத்துக்கு எத்தனை ஊடைன்னு லென்சு வெச்சு எண்ணுவாரு. ஒருநாளும் என்ற மூஞ்சியப் பாத்ததில்லை. மெய்யாலுமே சீலையப் பாக்கறவங்க வாயில சீலைதான் வரும். கட்டம் நல்லாருக்கு, கரைக்கும் ஒடம்புக்கும் நெறம் சேந்துருக்கு, நெகமமா சின்னாளபட்டியா, இப்பிடி. இதொண்ணும் தெரியாம நல்லாருக்குன்னு மட்டும் சொல்றவன் வேற எதையோ பாக்கறான். இன்னொருக்கா சொன்னார்னா, எல்லாரும் இருக்கும்போது, கண்ண மூடிட்டு என்ன நெறம்னு சொல்லுங்க சார்னு சிரிச்சுட்டே கேளு."

கேட்டிருக்கா. அவரு கண்ண மூடிட்டு "பச்சை"ன்னாராமா. இவ கட்டியிருந்தது மாம்பழ மஞ்சள், செவப்புக் கரை. நான் நெய்தது. எனக்குத்தான் மொதல்ல கோவம் வந்துது. இத்தனை நாளா அவரு பாத்தது என்ற நெசவையே இல்லையே! அதுக்கப்பறம் அவரு வாயத் தொறக்கலையாமா. புதுத்துணியில சாயம் போகுமான்னு தெரியோணும்னா மூலைய நனைச்சுப் பாக்கறமல்ல, அதே வேலைதான். நாலு பேரு முன்னால கொஞ்சம் தண்ணி தெளிச்சா வெளுத்துரும்.

ஆனா கண்ணு, எல்லா இடத்துலயும் குசும்பு பேசி முடிக்க முடியாது. சிரிச்சுட்டுக் கேக்கத் தைரியம் இல்லாதவளும் இருக்கறா, கேட்டும் அடங்காதவனும் இருக்கறான். அதுக்குத்தான் 1997-ல விசாகா வழக்குல சுப்ரீம் கோர்ட்டு வேலை செய்யற எடத்துப் பாலியல் தொல்லைக்கு நெறிமுறை சொல்லுச்சு, அப்பறம் 2013-ல சட்டமே வந்துது. பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடம்னா ஒரு கமிட்டி இருந்தே ஆகோணும். மூத்த பொம்பள ஒருத்தரு தலைமை, பாதிக்குக் கொறையாமப் பொம்பளைங்க, வெளியாளு ஒருத்தரு. மூணு மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கோணும், தொண்ணூறு நாளுல விசாரிச்சு முடிக்கோணும். சீலை நல்லாருக்குன்னு சொல்றது குத்தம்னு அந்தச் சட்டம் சொல்லல. கேக்கறவளுக்கு வேண்டாத பேச்சுலயும் நடத்தையிலயும் பாலியல் சாயம் கலந்துருந்தாத்தான் குத்தம்ங்குது. சட்டம் எழுதுனவங்களும் சாயம்ங்கற வார்த்தையத்தான் புடிச்சிருக்காங்க பாரு, எனக்கு அது ரொம்பப் புடிச்சுது. உங்க ஆபீசுச் செவுத்துல கமிட்டி பேரு ஒட்டியிருக்கும். டீக்குடிக்கப் போற வழியில ஒருக்கா படிச்சு வெய்யி.

சரி, உன்ற விசயத்துக்கு வருவம். அவ சொன்னப்ப நீ என்ன சொன்னே? "ஐயோ, இது பழசுங்க"ன்னியா? அதானே பாத்தேன்! நம்மூர்ல எவனுக்குமே நேரா ஒரு நன்றி சொல்லி வராது. நல்லாருக்குன்னு சொன்னா ஒருத்தன் பழசும்பான், ஒருத்தன் தள்ளுபடியில எடுத்ததும்பான், ஒருத்தன் மச்சான் குடுத்ததும்பான். உங்க அமுச்சியக் கேட்டா, கண்ணுபட்டுரும், ராத்திரிக்கு உப்பு மொளகாயச் சுத்திப் போடும்பா. எரநூறு ரூவா கடன் கேட்ட மாதிரி எதுக்குப் பதறோணும்? "தேங்க்ஸ்ங்க"ன்னு ஒரு வார்த்தை. கடைப் பேரு கேட்டாச் சொல்லு. அப்பறம் வேலையப் பாரு. "உங்க சுடிதாரும் நல்லாருக்குதுங்க"ன்னு அப்பவே திருப்பிக் குடுக்காத. மொய்யி எழுதற எடமில்லை அது.

அதுவும் போக, அந்தப் பாராட்டு உனக்கே முழுசாச் சேராது. நீ என்ன பண்ணுனே? காசக் குடுத்தே, பொத்தானப் போட்டே. நூலு நூத்தவன், சாயம் முக்குனவன், நெய்தவன், தெச்சவன்னு எத்தனை பேரு பங்கு அதுல. கோ-ஆப்டெக்ஸ்ல பட்டுச்சீலைக்கு நெய்தவன் படமும் பேரும் போட்ட அட்டைய மாட்டி வித்தாங்க, பாத்திருக்கயா? அதப் பாத்த அன்னைக்குத்தான் நெனச்சேன், இத்தனை வருசமா ஊர்ல எத்தனையோ கலியாணத்துல "சீலை நல்லாருக்கு"ன்னு சொன்ன சொல்லுல பாதி எனக்கு வரவேண்டியது, வழியிலயே நின்னுபோச்சுன்னு. 2023-ல நெகமம் பருத்திச் சீலைக்குப் புவிசார் குறியீடு குடுத்தாங்க. எனக்கு அதுல ஒரு சல்லிக்காசும் வல்லை, ஆனா உங்க அமுச்சி அன்னைக்கு ஒப்புட்டு சுட்டு வெச்சா.

இன்னொண்ணு, வேட்டி தினத்தன்னைக்கும் பொங்கலுக்கும் உங்க ஆபீசுல எல்லாரும் வேட்டி கட்டுவீங்களாமே. ஒட்டிக்கோ வேட்டியக் கட்டிட்டு, டர்ர்ருனு சத்தம் வந்துருமோன்னு பயந்து பயந்து நடக்கறவனைப் பாத்து அந்தப் புள்ளைங்க "மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க"ன்னு சொல்லுமாமா. அதையும் நம்பாத. அன்னைக்கு எல்லாருக்கும் அதையேதான் சொல்லுவாங்க.

இப்ப உண்மையச் சொல்லு. அவ சட்டை நல்லாருக்குன்னு சொன்னதோட நிறுத்துனாளா, அதுக்கப்பறமும் என்னமோ சொன்னாளா? முழுங்காதடா. எங்க எடுத்தீங்கன்னு கேட்டாளா, சரி. எதுக்காமா? தலைய ஏன் சொறியற? சத்தமாச் சொல்லு, எனக்குக் காது மந்தம்.

அவங்கப்பாவுக்கு எடுக்கோணுமாமா? அறுபதாங் கலியாணத்துக்கா!

ஏ அம்மிணி, உள்ள இருந்து கேட்டயா? அவங்கப்பாவுக்காமா! இரு, சிரிச்சு பொறை ஏறிருச்சு, தண்ணி கொண்டா.

கோவிச்சுக்காத கண்ணு. அந்தக் கடைப் பேரச் சொல்லிரு, பெரிய மனுசனுக்கு நல்ல சட்டை அமையட்டும். நீ அந்த நீலச் சட்டையக் கழட்டிக் குடு. உங்க அமுச்சி அப்போதே சோப்புத் தண்ணியக் கலக்கி வெச்சுட்டா.