இரண்டு இரவு விருந்தாளி

வெளிநாட்டுக்குத் தனியாகப் போகும் ஒருவர், ஹோட்டலில் அறை எடுக்காமல், முன்பின் பார்த்திராத உள்ளூர்க்காரர் வீட்டில் வாடகையின்றித் தங்குவது இன்று பல நாடுகளில் பரவியுள்ள வழக்கம். இதில் இரண்டு தரப்பு உண்டு. ஊர் பேர் தெரியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பவர் ஒருவர். ஊர் பேர் தெரியாதவர் சமைத்ததை நம்பிச் சாப்பிடுபவர் இன்னொருவர். இருவரில் யாருக்குத் துணிச்சல் அதிகம் என்பது இன்னும் தீராத வழக்கு. வாடகைதான் இல்லையே தவிர, விருந்தாளி கொடுத்துத் தீர்க்க வேண்டிய கணக்குகள் நிறைய உண்டு.

இதற்கான முறையான அமைப்பு 1949இல் டென்மார்க்கில் தோன்றியது. இரண்டாம் உலகப் போரின் சூடு ஆறுவதற்குள் பாப் லூட்வைலர் என்ற அமெரிக்கரும் அவருடைய தோழர்களும் தொடங்கிய அது, பின்னாளில் ‘செர்வாஸ்’ என்று பெயர் பெற்றது. ஒரு நாட்டுக்காரர் இன்னொரு நாட்டுக்காரர் வீட்டில் உண்டு உறங்கினால் உலகில் போர் குறையும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. ஒரே வீட்டில் உண்டு உறங்கி வளர்ந்த அண்ணன் தம்பிகளின் பாகப்பிரிவினையை அவர்கள் பார்த்ததில்லை போலும். 1974இல், செயற்கையாக உருவாக்கப்பட்ட எஸ்பெராந்தோ மொழியைப் பேசுபவர்கள் தங்களுக்கென ‘பாஸ்போர்ட்டா செர்வோ’ என்ற ஏற்பாட்டைச் செய்துகொண்டார்கள். அதில் படுக்கை இலவசம்; ஆனால் அந்த மொழியைக் கற்றுக்கொண்டு வரவேண்டும். 1993இல் தொடங்கிய ‘வார்ம் ஷவர்ஸ்’ நெடுந்தூரம் சைக்கிள் மிதித்து வருபவர்களுக்கானது. வந்தவரை முதலில் குளியலறைக்கு அனுப்புவது அங்கே இருதரப்புக்கும் நல்லது.

இவற்றில் பெரிதாகப் பேர் வாங்கியது ‘கவுச்சர்ஃபிங்’. ஐஸ்லாந்துக்கு மலிவு விலையில் விமானச் சீட்டு வாங்கிய கேசி ஃபென்டன் என்ற அமெரிக்க இளைஞர், தங்க இடம் கேட்டு அந்நாட்டுப் பல்கலைக்கழக மாணவர்கள் சுமார் 1,500 பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். இன்று அதே காரியத்தைச் செய்தால் சைபர் கிரைம் போலீஸ் வரும். அன்று அழைப்புகள் வந்தன. அந்த அனுபவத்தில் பிறந்த இணையதளம் 2004இல் தொடங்கி, 2011இல் இலாப நோக்குள்ள நிறுவனமாகி, 2020இல் உறுப்பினர்களிடம் சந்தா கேட்டது. காசு செலவழிக்கக்கூடாது என்ற ஒரே கொள்கையில் ஒன்றுசேர்ந்தவர்களிடம் காசு கேட்டால் என்ன நடக்குமோ அது நடந்தது. கோபித்துக்கொண்டவர்களில் பலர், தொண்டர்கள் நடத்தும் ‘பீவெல்கம்’ பக்கம் போனார்கள்.

அமைப்பு எதுவும் இல்லாமலும் இது சாத்தியம். 1962இல் அணு ஆயுதங்களை எதிர்த்து சதீஷ் குமார், ஈ.பி. மேனன் என்ற இரு இந்தியர்கள் டெல்லியிலிருந்து நடந்து புறப்பட்டு மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் வரை போனார்கள். கையில் காசில்லாமல் போங்கள் என்று யோசனை சொன்னவர் காந்தியவாதி வினோபா பாவே. காசில்லாதவருக்கு அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டுவதைத் தவிர வேறு வழி கிடையாது. கதவைத் தட்டினால்தான் மனிதரைப் பார்க்க முடியும்.

இன்றைய பயணி தட்டுவது விசைப்பலகையை. வீட்டுக்காரருக்கு எழுதும் விண்ணப்பம்தான் முதல் படி. ஒரே கடிதத்தைப் பெயரைக்கூட மாற்றாமல் இருபது பேருக்கு அனுப்பும் பயணிகள் உண்டு. அனுபவப்பட்ட வீட்டுக்காரர் இதற்கென்றே தம்மைப் பற்றிய நீண்ட அறிமுகத்தின் நடுவில், ‘இதைப் படித்தவர்கள் கடிதத்தில் உங்களுக்குப் பிடித்த காய்கறியின் பெயரை எழுதவும்’ என்பது போல ஒரு வரியைச் செருகி வைப்பார். கத்தரிக்காய் என்று எழுதியவருக்கு இடம் கிடைக்கும். வீட்டுக்காரரின் பண்பையும் பரந்த மனப்பான்மையையும் பற்றி இரண்டு பக்கம் எழுதியவருக்குக் கிடைக்காது.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு அடுத்த படி விசா. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு விண்ணப்பிப்பவர் எங்கே தங்கப்போகிறார் என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். பிரான்சில் தனியார் வீட்டில் தங்குவதானால், வீட்டுக்காரர் தம் ஊர் நகர மன்றத்துக்கு நேரில் போய், 30 யூரோ முத்திரைக் கட்டணமும் செலுத்தி, இன்னாரை என் வீட்டில் தங்கவைக்கிறேன் என்று சான்றிதழ் வாங்கி அனுப்ப வேண்டும். சோபாவில் படுக்க இடம் தந்த பாவத்துக்கு வரிசையில் நின்று பணமும் கட்டுகிற ஒருவர் கிடைத்துவிட்டால், அந்த நட்பு விமானம் ஏறும் முன்பே உறுதியாகிவிட்டது என்று கொள்ளலாம்.

பாதுகாப்பைப் பற்றிய விதிகளில் வேடிக்கை இல்லை. வீட்டுக்காரரைப் பற்றி முன்பு தங்கியவர்கள் எழுதியதை முழுக்கப் படிப்பது, தங்கப்போகும் முகவரியைச் சொந்த வீட்டில் ஒருவரிடம் சொல்லி வைப்பது, மனம் ஒப்பாவிட்டால் இரவானாலும் வெளியேற ஒரு விடுதிக்கான பணத்தைத் தனியே வைத்திருப்பது என மூன்றும் எல்லோருக்கும் கட்டாயம். தனியாகப் போகும் பெண்களுக்கு இரட்டிப்புக் கட்டாயம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தேர்வு தொடங்குகிறது. ஜப்பானில் வாசலிலேயே காலணியைக் கழற்றி, அதன் முனை வெளியே பார்க்கும்படி வைக்க வேண்டும். பிறகு வீட்டுச் செருப்பு. தாத்தாமி பாய் விரித்த அறைக்குள் அதுவும் கூடாது. கழிவறைக்குத் தனிச் செருப்பு. அதை மாட்டிக்கொண்டே கூடத்துக்கு வந்துவிடும் விருந்தாளியைக் கண்டு வீட்டார் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் அன்று முழுக்க அவர் காலையே பார்ப்பார்கள். இதைவிடக் கடினமானது குளியல். உடம்பை வெளியிலேயே தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்க வேண்டும், ஏனெனில் அதே நீரில்தான் வீட்டார் அனைவரும் ஒருவர்பின் ஒருவராக இறங்குவார்கள். மரியாதைக்காக விருந்தாளியை முதலில் அனுப்புவார்கள். அவர் குளித்து முடித்து, சுத்தமாக இருக்கட்டுமே என்று அடைப்பானைப் பிடுங்கிவிட்டால், அன்றைக்குக் குடும்பத்தில் குளித்தவர் அவர் ஒருவர் மட்டுமே.

சாப்பாட்டில் நாட்டுக்கு நாடு நேர்மாறான ஆபத்துகள். ஜெர்மனியில் இரவு உணவாகப் பல வீடுகளில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஊறுகாய் வெள்ளரியும் மட்டுமே வரும். இது முன்னோட்டம், சாப்பாடு பின்னால் வரும் என்று வயிற்றில் இடம் விட்டுக் காத்திருப்பவர், மேசை துடைக்கப்படும்போது உண்மையை உணர்வார். ஜார்ஜியாவில் இடம் விட்டு வைக்க யாரும் விடமாட்டார்கள். ‘சுப்ரா’ என்னும் விருந்தில் தமதா எனப்படும் தலைவர் ஒருவர் எழுந்து அமைதிக்காக, பெற்றோருக்காக, மறைந்தவர்களுக்காக, விருந்தாளிக்காக என்று ஒவ்வொன்றாக வாழ்த்துரை சொல்ல, ஒவ்வொன்றுக்கும் கோப்பை உயரும். காலியான தட்டு அங்கே புகாராகக் கருதப்படும். ஹின்காலி என்ற கொழுக்கட்டையைக் குடுமியைப் பிடித்துக் கடித்து, உள்ளிருக்கும் சாற்றை உறிஞ்சி, குடுமியைத் தட்டில் விட்டுவிடுவது முறை. எத்தனை உள்ளே போயிற்று என்பதற்கு அந்தக் குடுமிகளே சாட்சி. சைவ உணவுக்காரர்களுக்கு உருளைக்கிழங்கு, காளான் வைத்த வகைகளும், அக்ரோட் விழுது தடவிய கத்தரிக்காயும் உண்டு. ஆனால் கோழியும் மீனும் சைவத்தில் சேராது என்பதை உலகின் பல வீடுகளில் முன்கூட்டியே விளக்கிவிடுவது நல்லது.

துருக்கியில் தேநீர்க் கோப்பை காலியான நொடியே மறுபடி நிரம்பும். போதும் என்று வாயால் சொன்னால் அது அடக்கமாக எடுத்துக்கொள்ளப்படும். கரண்டியைக் கோப்பையின் வாய்மேல் குறுக்கே வைத்தால்தான் ஊற்றுவது நிற்கும். ஈரானில் உபசாரம் இருவழிப் பாதை. கொடுப்பவர் வற்புறுத்த வேண்டும், வாங்குபவர் மறுக்க வேண்டும், இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும். கல்யாண வீட்டுப் பந்தியில் “ஐயோ வேண்டாம்” என்றபடியே இலையை நகர்த்திக் கொடுத்துப் பழகிய தமிழருக்கு இதில் பயிற்சி தேவைப்படாது.

பேச்சு, விருந்தாளி கட்டும் வாடகையின் பெரும்பகுதி. வீட்டுக்காரர் இடம் கொடுப்பதே ஊரிலிருந்தபடி உலகத்தைக் கேட்பதற்குத்தான். தின்றுவிட்டு அறைக்குள் போய் கைப்பேசியோடு முடங்குபவரைப் பற்றி மறுநாளே எழுதிவிடுவார்கள். கேள்விகளும் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மானியர் இந்தியத் தேர்தல் முறையைப் பற்றிக் கேட்பார். ஜார்ஜியப் பாட்டியோ, கல்யாணம் ஆகிவிட்டதா, ஏன் ஆகவில்லை, அம்மா எப்படித் தனியாக விட்டாள் என்று கேட்பார். சொந்த ஊரில் இந்தக் கேள்விகளுக்குப் பயந்து விமானம் ஏறியவர்களும் அங்கே ஏனோ நெகிழ்ந்து பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

நன்றிக்கடனாக ஒருவேளை சமைத்துப் போடுவது எழுதாத விதி. ஜெர்மனி வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி சட்டப்படி கட்டாயம் என்பதை, காய்ந்த மிளகாய் தாளிக்கும் முன் நினைவில் கொள்ள வேண்டும். அலறல் கேட்டு அக்கம்பக்கத்தார் எட்டிப்பார்த்தால், அவர்களுக்கும் சேர்த்து உலை வைப்பதே நாகரிகம்.

செர்வாஸ் அமைப்பில் ஒரு வீட்டில் தங்குவது வழக்கமாக இரண்டு இரவு. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற பழமொழியோடு கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு சரியாக வரும்: மூன்றாம் நாள் காலை பையைத் தூக்கிவிட வேண்டும். விரிப்பை மடித்து, குப்பையைப் பிரித்துப் போட்டு, சாவியை மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறவரைத்தான் “இன்னும் ஒரு நாள் இருங்கள்” என்பார்கள். தாமாகவே நான்காம் நாளும் இருப்பவரிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இந்த ஏற்பாட்டில் கடன் கொடுத்தவரிடமே அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. எந்த நாட்டுப் பயணிக்கும் கொடுக்கலாம். இந்தியாவில் வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் இணையவழியே பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் படிவத்தை நிரப்பி, மேல்வீட்டு மாமியின் விசாரணைக்கும் பதில் சொல்லி, ஒரு அந்நியருக்குப் பாய் விரித்தவரே கணக்கைத் தீர்த்தவர். நாலு நாட்டில் தங்கி வந்த கதையை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பவர் இன்னும் கடனாளிதான்.