கதவதிகாரம்

கதவு இருவகைப்படும்: பாம்பை உள்ளே விடாதது, பாம்பை வெளியே விடாதது. திருடனுக்கும் கடன்காரனுக்கும் அஞ்சி வைத்த கதவுகள் இந்நூலுக்குப் புறம்பானவை.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியில், கரிசலும் செவலும் மாறிமாறி வரும் அந்த வறண்ட காட்டில், முதல் வகைக் கதவு வீட்டுக்கு வீடு உண்டு. தன் வேலையை ஒழுங்காகச் செய்வதுதான் அரிது. இரண்டாம் வகை மேல்நாட்டில் பெருவழக்கு. பலகையால் ஒரு பெட்டி அடித்து, முன்பக்கம் இரண்டு கண்ணாடிகளை ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஓடவிட்டு, உள்ளே ஒரு பாம்பை வைத்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். நம் பக்கத்தில் பாம்பு பார்க்க இவ்வளவு செலவு தேவைப்படவில்லை. வைக்கோற்படப்பை அசைத்தால் போதும். போதாக்குறைக்கு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுப் பாம்பை வீட்டில் அடைத்து வளர்க்க இடம் தருவதில்லை. ஆகவே இரண்டாம் வகை இங்கே வீடுகளில் ஏட்டளவில்தான் உள்ளது. கண்ணில் காணாத பொருளுக்கு இலக்கணம் வகுப்பது நம் மரபுக்குப் புதிதன்று என்பதால் மேலே செல்வோம்.

முதல் நூற்பா: தலை புகு சந்தில் உடலும் புகுமே, இரை உண்ட உடல் அல்லாக் கடையே.

உரை: இரு வகைக் கதவுக்கும் இது பொது விதி. கதவின் அகலம், உயரம், மரத்தின் சாதி, கைப்பிடியின் பித்தளை எல்லாம் மனிதர் பார்ப்பவை. பாம்பு பார்ப்பது சந்தை மட்டுமே. எலி விழுங்கிய பாம்பு வந்த வழியே திரும்ப முடியாமல் நடுவில் மாட்டிக்கொள்வது உண்டு. அதற்காகவே விலக்குச் சொல்லப்பட்டது.

கரிசல் நிலத்தில் இந்த விதி தனிக் கொடுமையாகிறது. கரிசல் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அஸ்திவாரம் ஏறி இறங்கும்போது கதவு நிலை கோணிப்போகும். ஐப்பசியில் தோள் கொடுத்துத் தள்ள வேண்டிய கதவின் அடியில் சித்திரையில் விரல் நுழையும். அந்த விரலகலச் சந்து கட்டுவிரியனுக்குத் தாராளம். அது இரவில் நடமாடுவது; தரையில் பாய் விரித்துப் படுத்தவரைக் கடித்தால் வலிகூடப் பெரிதாகத் தெரியாது. விடிவதற்குள் இமை தொங்கும், பிறகு மூச்சு திணறும். 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஒரு மதிப்பீடு சொல்கிறது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. கதவடியில் ஒரு ரப்பர் பட்டை அடிப்பதை எந்த அரசாணையும் கட்டாயமாக்கவில்லை. ஆக்கினால் நல்லது.

இனி இரண்டாம் வகை. இதன் உட்பிரிவுகளில் தலையாயது நகரும் கண்ணாடிக் கதவு. கீல் வைத்த கதவைத் திறந்தால் முன்பக்கம் முழுவதும் திறந்துகொள்ளும். அதுவே பாம்பு எதிர்பார்ப்பது. நகர்கதவு பாதியளவுதான் திறக்கும். கதவு வீச இடம் வேண்டாம், பெட்டிமேல் பெட்டி அடுக்கலாம். குறை ஒன்றே: எந்தப் பாதியைத் திறந்தாலும் சுத்தம் செய்ய வேண்டிய இடம் மறு பாதியில் இருக்கும், பாம்பு இந்தப் பாதியில் இருக்கும். பெரிய காட்சிச்சாலைகளில் பார்க்கும் கண்ணாடி வேறு, பணியாள் திறக்கும் கதவு வேறு. வீட்டுப் பெட்டியில் இரண்டும் ஒன்றே. பாம்பை வேடிக்கை பார்க்கும் பக்கத்திலிருந்தே கையும் நுழைகிறது.

இரண்டாம் நூற்பா: மேற்காடி ஆழம் கீழ்க்காடிக்கு இருமடி.

உரை: காடி என்பது கண்ணாடி ஓடும் பள்ளம். இதில்தான் தொழிலின் உயிர் இருக்கிறது. கண்ணாடியை முதலில் மேற்காடிக்குள் முழுதும் ஏற்றி, அடிவிளிம்பை உள்ளே தள்ளி, கீழ்க்காடியில் இறக்க வேண்டும். இறங்கிய பிறகும் மேல்விளிம்பு காடிக்குள் நிற்க வேண்டும். இரு காடியும் ஒரே ஆழமானால் கண்ணாடி ஏறாது. ஏறும்படி குட்டையாக அறுத்தால் நிற்காது. கணக்கு வருமாறு. திறப்பின் உயரம் 400 மி.மீ., கீழ்க்காடி 6, மேற்காடி 12 என்று கொள்க. கண்ணாடி 411 மி.மீ. இருந்தால் கீழே 6 அமர்ந்து மேலே 5 பிடித்து நிற்கும். கழற்ற 6 தூக்கினால் மேலே 11. இன்னும் ஒரு மில்லிமீட்டர் மிச்சம். அந்த ஒரு மில்லிமீட்டரை வேண்டாமென்று அறுக்கச் சொன்னவர்கள் கண்ணாடியை இரண்டு முறை வாங்குவார்கள். அகலம் 1,000 மி.மீ. என்றால் ஒவ்வொரு கண்ணாடியும் 520. நடுவில் 40 ஒன்றன்மேல் ஒன்று படியும். ஐந்து மி.மீ. கனத்தில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.7 கிலோ. விளிம்பைத் தேய்த்துத் தரச் சொல்ல வேண்டும், கை பாம்புக்குத் தப்பினாலும் விளிம்புக்குத் தப்பாது.

காடி எதில் எடுப்பது என்பதில் உரையாசிரியர் இருவர் மாறுபடுவர். ஆசாரி கட்சி: மரத்திலேயே காடி இழைத்து மெழுகுவத்தி தேய்த்தால் கண்ணாடி வழுக்கும், அலுமினியம் வாங்குவது காசுக்குப் பிடித்த கேடு. கண்ணாடிக்கடைக் கட்சி: மரம் ஊறும், கண்ணாடி ஊறாது, ஆகவே இரண்டு காடி உள்ள அலுமினியச் சேனலே சேனல். கண்ணாடிக்கடைக்காரர் சேனலும் விற்பவர் என்பதை மறக்காமல், இந்த ஒரு விஷயத்தில் அவர் பக்கம் நிற்கிறேன். தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்ப்பது பாம்பின் நித்திய கருமம். மரக்காடி அதைத் தாங்காது. ஆனால் மணல் காடிக்குள் விழாமல் கீழே குட்டையாக ஒரு தடுப்புப் பலகை வைக்கச் சொன்னது ஆசாரிதான். அதைக் கண்ணாடிக்கடை இதுவரை யோசிக்கவில்லை.

இக்கதவுக்கு முன்மாதிரி தேடி அமெரிக்கா போக வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வடையும் பஜ்ஜியும் இருக்கும் கண்ணாடிப் பெட்டி இதே இனம்: அதே இரட்டைக் காடி, அதே ஓட்டம். ஈயை வெளியே நிறுத்துவதால் முதல் வகையின் கிளையாகக் கொள்க. அதை அப்படியே திருப்பி மாட்டினால் பாம்புப் பெட்டி ஆகிவிடாதா என்றால், ஆகாது. வடை மூக்கால் முட்டித் தள்ளாது. பாம்பு தள்ளும், விளிம்பில் மூக்கை வைத்து இரவு முழுவதும் தள்ளும். ஆகவே மருந்துக்கடை, நகைக்கடை ஷோகேஸில் இருக்கும் பல்பட்டைப் பூட்டைக் கடன் வாங்க வேண்டும். பட்டையின் கொக்கி உள் கண்ணாடியின் விளிம்பைப் பிடிக்கும், பூட்டு பற்களில் ஏறி வெளிக் கண்ணாடியை நகரவிடாமல் நிற்கும்.

அப்படியும் இரண்டு கண்ணாடிக்கும் இடையே நெடுக ஒரு சந்து நிற்கும். சேனலின் நடுச்சுவர் எவ்வளவோ அவ்வளவு, அதன்மேல் ஆட்டம் கொஞ்சம். வளர்ந்த மலைப்பாம்பை இது ஒன்றும் செய்யாது. அன்று பொரித்த குட்டிக்கு இது ராஜபாட்டை. பிரஷ் பட்டையோ மெல்லிய பிளாஸ்டிக் பட்டையோ ஒட்டுவதே வழி.

கண்ணாடியைப் பற்றிப் பாம்புக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்கு இமை கிடையாது. கண்ணின்மேல் ஒளி ஊடுருவும் செதில் ஒன்று நிரந்தரமாக மூடியிருக்கிறது. சட்டை உரிக்கும்போது அதுவும் சேர்ந்து கழன்று புதியது வந்துவிடும். இந்த உத்தரவாதத்தை எந்தக் கண்ணாடிக்கடையும் தருவதில்லை.

நிலம் பற்றிய விதி ஒன்றுண்டு. சித்திரை வெயிலில் இந்தப் பக்கம் நாற்பது டிகிரியைத் தொடும். பாம்பு உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாத பிராணி. வெயிலும் நிழலும் மாறிமாறிப் போய்த் தன்னைச் சரிசெய்துகொள்ளும். புற்றில் ஆழத்துக்கு ஆழம் சூடு வேறு. கண்ணாடிப் பெட்டியில் எங்கே போனாலும் ஒரே சூடு. குளிர்நாட்டார் பெட்டிக்குள் விளக்கு போட்டுச் சூடேற்றுகிறார்கள். அதே வரைபடத்தை இங்கே ஜன்னலோரம் வைத்தால் ஒரு பிற்பகலில் கதை முடியும். பக்கவாட்டில் வலைத் துளை இல்லாத பெட்டியைப் பெட்டி என்று எந்தப் புலவரும் சொல்லார்.

கண்ணாடி இல்லாமலும் இரண்டாம் வகை உண்டு. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் 1972-ல் கிண்டியில் பாம்புப் பண்ணையை நிறுவினார். அங்கே பாம்பைப் பார்ப்பது கண்ணாடி வழியே. ஆனால் 1978-ல் தொடங்கி வடநெம்மேலியில் நடந்துவரும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் பாம்பு இருப்பது மண்பானையில். அடியில் மணல், வாயில் துணி, துணியைச் சுற்றிக் கயிறு. சில வாரம் வைத்து விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, காட்டில் விட்டுவிடுவார்கள். பானை குளிர்ந்திருக்கும், இருட்டாயிருக்கும், பூட்டு வேண்டாம். மேலே சொன்ன 411 மி.மீ. கணக்கு முழுவதையும் ஒரு முழத் துணி செய்து முடிக்கிறது. இருளர்களுக்குப் பாம்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசை இல்லாததால் கண்ணாடியும் தேவைப்படவில்லை.

மூன்றாவது உட்பிரிவு ஜிப். 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் இரண்டு பல்லிகளும் இருந்தன. காற்றுத்துளை, பூட்டு, வெப்பம் எதிலும் இக்கதவு தேறாது. வகைப்பாடு முழுமை பெறவே இங்கே சேர்த்தோம்.

கதவின்மையைத் தனி வகையாகக் கொள்ள வேண்டும் என்போரும் உளர். அவர்களுக்குச் சான்று திருச்சுழியிலேயே கிடைக்கிறது. 1879-ல் அங்கே பிறந்த ரமணர் அருணாசல மலைக்குகையில் வாழ்ந்தபோது பாம்புகள் வந்துபோகும் என்றும், அவற்றின் இடத்துக்கு வந்தவர்கள் நாம்தான் என்று சொல்லி யாரும் துன்புறுத்தாமல் பார்த்துக்கொண்டார் என்றும் அடியார்கள் எழுதியிருக்கிறார்கள். வகை என்று ஏற்கலாம். தரையில் பாய் விரிக்கும் இல்லறத்தாருக்குப் பரிந்துரைப்பதற்கில்லை.

புறனடை: புழுப்பாம்பு எந்த விதிக்கும் அடங்காது. மண்புழுப் பருமன், ஒரு சாண் நீளம்கூட இராது. எல்லாம் பெண், ஆண் துணையின்றியே முட்டையிடும். பூந்தொட்டி மண்ணோடு கப்பலேறி உலகம் முழுவதும் பரவிவிட்டது. விஷமில்லை, எறும்பு முட்டையும் கரையானும் தின்று துளசி மாடத்து மண்ணுக்குள் கிடக்கும். இதை உள்ளே விடாத கதவும் இல்லை, வெளியே விடாத கதவும் இல்லை. இதற்கொரு பெட்டி செய்து தரச் சொல்லி யாராவது வந்தால் ஆசாரி முன்பணம் வாங்கலாகாது.